தடம் போடக் கோலமாவு: டெல்டா மண்ணில் எது நிற்கும், எது ஏமாற்றும்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஓட்டக் குழு நடத்துகிறவர்கள் தடம் போட எதை வாங்குவது என்று கேட்டால் பதில் சின்னது. சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் தெருத்தெருவாக விற்றுவரும் கல் கோலமாவு, அதிலும் சற்றுக் கொரகொரப்பாக அரைத்தது. மைதா இந்த மண்ணுக்குச் சரிப்படாது. சுண்ணாம்பைத் தொடவே வேண்டாம். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் கல்மாவுக்கு நாலு. அந்த ஒன்று எங்கே குறைகிறது, மற்றவை ஏன் தோற்கின்றன என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும். பொடி வாங்குவது பத்து நிமிட வேலை. அதை எங்கே, எப்படி, எத்தனை மணிக்குப் போடுகிறோம் என்பதில்தான் தடம் பிழைக்கும்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்காக ஆட்டத்தின் கணக்கு. 1938-ல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘ஹாஷ்’ ஓட்டத்தின் வழி வந்தது இது. அங்கே காகிதக் கிழிசலைப் போட்டு ஓடினார்கள்; பிறகு பல நாடுகளில் மாவு வழக்கமானது. முயல் என்று பெயர் பெற்றவர் முன்னால் போய் வழியெங்கும் குறி போடுவார். பின்னால் வரும் கூட்டம் அந்தக் குறிகளைப் பார்த்துத் துரத்தும். ஒரு பிடிப் பொடி என்றால் வழி சரி. வட்டம் என்றால் தடம் அங்கே அறுந்துவிட்டது, சுற்றிலும் தேடு. தேடிப் போகிற பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று குறி கிடைத்தால் அதுதான் வழி. குறுக்கே இரண்டு கோடு கிடந்தால் பொய்த்தடம், திரும்பு. குழுவுக்குக் குழு இந்த விதிகள் கொஞ்சம் மாறும், புறப்படும் முன் எல்லோருக்கும் தரையில் போட்டுக் காட்டிவிட வேண்டும். வேகமாக ஓடுகிறவர் வட்டத்தில் நின்று தேடும்போது மெதுவாக வருகிறவர் வந்து சேர்ந்துகொள்வார். பந்தயம் இல்லாத ஓட்டம் ஒன்றாக ஓடுவது இந்த ஒரு ஏற்பாட்டால்தான். ஆகவே குறி அழிந்தால் ஓட்டமே கலைந்துவிடும்.

இப்போது மாவு. கோலமாவு என்ற பெயரில் கடையில் கிடைப்பது எல்லாம் ஒன்று இல்லை. நைசாக அரைத்தது விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும், கோலத்தில் கம்பி மாதிரி இழை விழும், பார்க்க அழகு. தடத்துக்கு அது உதவாது. இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டால் பாதி காற்றோடு போய்விடும், மீதி மெல்லிய படலமாகப் படியும். கொரகொரப்பான மாவு மணல் போல் கனமாக விழுந்து ஒரே இடத்தில் குவியும். கடையிலேயே சோதித்துவிடலாம். ஒரு சிட்டிகை எடுத்து முழங்கால் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விடுங்கள். உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தால் வாங்கலாம். புகை போல் பரவினால் வேறு மூட்டை கேளுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு, அதைத் தவறாமல் செய்ய வேண்டும். வெண்மை கூடட்டும் என்று சிலர் கோலமாவில் சுண்ணாம்புத் தூள் கலந்து விற்பதுண்டு. ஒரு கரண்டி மாவில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலே துளி மஞ்சள்தூளைத் தூவிப் பாருங்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் கல்மாவு. ஆரத்தித் தட்டில் பார்ப்போமே, அந்தச் சிவப்பு பளிச்சென்று ஏறினால் சுண்ணாம்பு இருக்கிறது. வியர்த்த கையால் இரண்டு மணி நேரம் அதை அள்ளினால் விரலிடுக்கு வெந்துவிடும். காற்றில் பறந்து கண்ணில் விழுந்தால் பேச்சே வேண்டாம், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். கல்மாவிலும் தூசு தூசுதான். காற்றுக்கு முதுகு காட்டி, குனிந்து போடுவது நல்லது. மூட்டையைப் பிரித்து நிரப்பும்போது முகக்கவசம் கட்டாயம்.

எவ்வளவு வாங்குவது? ஒரு குறிக்கு 40 கிராம் என்று வையுங்கள். 6 கி.மீ தடத்தில் சராசரி 40 மீட்டருக்கு ஒரு குறி என்றால் 150 குறி, அதற்கு 6 கிலோ. வட்டம் ஏழு, ஒவ்வொன்றுக்கும் கால் கிலோ, ஆக ஒன்றே முக்கால் கிலோ. ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு பொய்த்தடம், ஒவ்வொன்றிலும் இரண்டு குறியும் முடிவில் குறுக்குக் கோடுமாக மூன்று குறிக்கான மாவு என்றால் 42 குறி அளவு, இன்னும் 1.7 கிலோ. மொத்தம் ஒன்பதரைக்குப் பக்கம் வரும். 12 கிலோ வாங்கினால் கை தாராளமாக இருக்கும். கல்மாவுக்கு மதிப்பெண் குறைந்தது இங்கேதான்: கனம். அதே அளவு மைதா ஏறக்குறைய பாதி எடைதான் இருக்கும். பன்னிரண்டு கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்க முடியாது. தடத்தில் மூன்று இடங்களில் முன்கூட்டியே நாலு நாலு கிலோ வைத்துவிட வேண்டும். மதகுச் சுவருக்குப் பின்னால், மோட்டார் கொட்டகைத் திண்ணையில், தெரிந்தவர் வீட்டில் என்று இடம் பார்த்துக்கொள்ளலாம். பாலிதீன் பைக்குள் போட்டு வாய் கட்டி வையுங்கள். ஈரம் பட்ட மாவு கட்டி தட்டிவிட்டால் அள்ள வராது.

ஈரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், பலரும் ஏமாறுவது இதில்தான். தை, மாசிப் பனியில் விடியற்காலை வரப்பில் போட்ட குறியைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். போட்டபோது பால் வெள்ளையாக இருந்தது, அரை மணியில் சாம்பல் நிறமாகி மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். பொடி எங்கும் போகவில்லை. துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும்வரை ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. அந்த இடைவெளியில் தண்ணீர் ஏறினதும் வெளிச்சம் உள்ளே போய்விடுகிறது, நிறம் மங்குகிறது. வெயில் வந்து காய்ந்தால் அதே குறி மறுபடி வெளுக்கும், ஆனால் அதற்குள் ஓட்டம் முடிந்திருக்கும். பனிக்காலக் காலை ஓட்டத்துக்கு இரண்டு மருந்து. வழக்கமான அளவை இரட்டிப்பாக்கிக் குவியலாகப் போட்டால் மேல்பகுதி உலர்ந்தே இருக்கும். அல்லது மூன்று பங்கு கல்மாவுக்கு ஒரு பங்கு பச்சரிசி மாவு கலந்துகொள்ளலாம். அரிசிமாவு ஈரத்தில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும், காலில் மிதிபட்டாலும் கொஞ்சம் தங்கும்.

அரிசிமாவை மட்டும் போட்டால் என்ன என்று கேட்பார்கள். அதிலேயே தடம் போடலாம், மனசுக்கும் நிறைவு, எறும்புக்கும் சாப்பாடு. ஆனால் எறும்புக்குப் போட்டது எறும்புக்குத்தான். மாலை ஓட்டத்துக்கு மதியம் இரண்டு மணிக்குப் போட்ட குறியில் நாலரைக்குள் கறுப்பாகச் சாரை பிடித்திருக்கும். குருவி, மைனா, கோழி, ஆடு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. விலையும் கல்மாவைப் போலப் பல மடங்கு. மைதா இன்னும் மோசம்: ஈரச் சிமெண்டில் வழுக்குப் பசையாகிவிடும், பாலத்து நடைபாதையில் ஓடி வருகிறவர் கால் வாரும். தெருநாய் நக்க வந்து, அந்த இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டு ஓடி வருகிறவரைக் குரைக்கும்.

சுண்ணாம்பு ஒரு காரணத்துக்காக மட்டும் ஆசை காட்டும்: மழை பெய்தாலும் நிற்கும். கெடுதலும் அதுதான். நீற்றிய சுண்ணாம்பு காற்றில் இறுகிக் கெட்டிப்படும், வாரக்கணக்கில் அழியாது. அடுத்த மாதம் அதே பகுதியில் வேறொருவர் தடம் போட்டால் பழைய வட்டமும் புதிய வட்டமும் கலந்து கூட்டம் திக்குத் தெரியாமல் நிற்கும். வாய்க்காலிலும் மீன்குட்டையிலும் அது விழுவதும் நல்லதில்லை.

கலர்ப்பொடியில் கவனிக்க வேண்டியது, உப்பில் சாயம் ஏற்றிய வகை. பனியில் கரைந்துவிடும், கரைந்த உப்பு வயலுக்குள் போகும். கடல் உப்பேறிய நிலத்தோடு மல்லுக்கட்டுகிற வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து விவசாயி வரப்பில் உப்பைப் போடுவதைவிடத் தப்பான காரியம் வேறில்லை. ஆற்று மணலில் வெள்ளை எடுபடாது என்பதால் அங்கே மட்டும் நிறம் தேவை. அதற்குச் செங்கல் பொடியே போதும், செங்கல் சூளையில் உடைசலைக் கேட்டால் கிடைக்கும். தார்ச்சாலைக்கும் மதகுச் சுவருக்கும் தடித்த சாக்பீஸ். மைல்கல்லிலும் மரத்திலும் எழுத வேண்டாம்.

மழைக்காலத்தில் எந்தப் பொடியும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் பருத்தித் துணிக் கிழிசலை வாழைநாரால் கட்டித் தொங்கவிடுவதுதான் வழி. திருவையாறு, கும்பகோணம் பூக்கடைகளில் நார் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், தண்ணீரில் நனைத்துக் கட்டினால் அறுபடாது. துணி நீலமாக இருக்கட்டும். மஞ்சளும் சிவப்பும் மரத்தில் கட்டினால் நேர்த்திக்கடன் என்று எண்ணி யாரும் கழற்ற மாட்டார்கள், நாம் கழற்றினாலும் தப்பாகும். பிளாஸ்டிக் நாடா கூடாது, மாடு தின்னும்.

பொடியைப் போடும் கருவிகளில் கோலக்குழலுக்கும் உருளைக்கும் செலவழிக்க வேண்டாம். வழவழப்பான வாசலுக்குச் செய்தவை அவை, மண்ணில் ஓட்டை அடைத்துக்கொள்ளும். ஹோட்டல் சாஸ் பாட்டில் பரவாயில்லை, மூக்கை விரல் நுழையும் அளவுக்கு வெட்டிவிட்டால் அம்புக்குறியும் எழுத்தும் சுத்தமாக வரும். ஆனால் சாதாரணக் குறிக்குக் கையை மிஞ்சியது இல்லை. மஞ்சப்பையை இடுப்பில் சரித்துக் கட்டி, பைக்குள் அரைத் தேங்காய்ச் சிரட்டை ஒன்று. சிரட்டையால் அள்ளிப் போட்டால் அளவு ஒரே மாதிரி இருக்கும், கையும் வறளாது.

இனி இடம். வரப்பில் நடுவில் போடாதீர்கள். முதல் ஐந்து பேர் மிதித்ததும் ஆறாவது ஆளுக்குக் குறி இருக்காது. ஓரமாக, புல் மழித்த இடமாகப் பார்த்துப் போடுங்கள். கிளை பிரியாத நீள வரப்பில் 60, 70 மீட்டருக்கு ஒன்று போதும். வாய்க்கால் பிரிகிற இடத்தைத் தாண்டியதும் முதல் குறி 15 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தெருவுக்குள் 25 மீட்டருக்கு ஒன்று. பொய்த்தடம் டெல்டாவில் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒற்றையடி வரப்பில் போனவர்களும் திரும்பி வருகிறவர்களும் நேருக்கு நேர் முட்டினால் யாராவது ஒருவர் நாற்றுக்குள்தான் இறங்க வேண்டும். வட்டம் போட நல்ல இடம் தலைப்பு மதகு, பாலத்தின் முனை, களம் என்று நாலு பேர் நின்று பேச இடமுள்ள இடங்கள்.

ஊர்த்தெருவில் கோலமாவுக்கு ஒரு சிக்கல் உண்டு: அது கோலமாவு. வாசலெல்லாம் வெள்ளைப் பொடியாக இருக்கும் தெருவில் நம் குறி எது என்று யாருக்குத் தெரியும்? மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் கிடக்கும், அந்த மாதம் தெருக்களைத் தடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் விடியலில் வாசல் கூட்டிச் சாணி தெளிக்கும்போது நம் குறி போய்விடும். மாலையில் விளக்கேற்றும் முன்பும் கூட்டுவார்கள். வீடில்லாத பக்கம், மின்கம்பத்தின் அடி, வாய்க்கால் கரை ஓரம், இங்கேதான் தங்கும். அடுத்தவர் வாசலில் குறி போடுவது எப்படியும் மரியாதை இல்லை. திருவிழாவுக்கு முன் நகராட்சி சாக்கடை ஓரம் பிளீச்சிங் பவுடர் தூவும் நாளிலும் இதே குழப்பம் வரும். அதை விசாரித்துவிட்டு நாள் குறிப்பது நல்லது.

முச்சந்தியில் வட்டம் வேண்டவே வேண்டாம். அதிலும் செங்கல் பொடி சேர்ந்து சிவப்பும் வெள்ளையுமாகக் கிடந்தால் கழிப்புக் கழித்த இடம் என்று ஊர் ஒதுங்கும், குழந்தைகளை வெளியே விட மாட்டார்கள். 20 மீட்டர் தள்ளிப் போட்டால் ஓட்டத்துக்கு ஒன்றும் குறையாது. சுடுகாட்டுப் பாதை, கருமம் செய்யும் படித்துறை இரண்டையும் விட்டுச் சுற்றிப் போங்கள்.

வயலில் வெள்ளைக் குறி பார்த்தால் டெல்டா விவசாயி மனசில் முதலில் வருவது, யாரோ நிலத்தை அளக்க வந்திருக்கிறார்கள் என்பதுதான். எரிவாயுவுக்கும் குழாய்ப் பதிப்புக்கும் எதிராகப் போராடிய மண் இது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும் அந்தப் பயம் முழுக்கப் போய்விடவில்லை, போகவும் நியாயமில்லை. இரண்டு நாள் முன்னதாக ஊராட்சித் தலைவரையும் வரப்புக்காரரையும் நேரில் பார்த்து, “ஐயா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாப்பது பேர் வரப்பு வழியா ஓடுறோம், கோலமாவுலதான் அடையாளம் போடுவோம், வயல்ல இறங்க மாட்டோம்” என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போட்ட தடம் பாதியில் அழிக்கப்பட்டால் அது அழித்தவர் தப்பு இல்லை.

அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல் காயும். அதன் பக்கத்தில் பொடியைத் திறக்கவே கூடாது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காட்ட வேண்டுமென்று ராப்பகலாகக் கிண்டிக் காயவைக்கிற நெல் அது. அதில் கல்தூள் விழுந்தால் கலப்படக் கணக்கில் போய்விடும். நெல் காய்கிற இடத்துக்கு 50 மீட்டர் முன்னும் பின்னும் சாக்பீஸ் அம்புக்குறி மட்டும் போடுங்கள்.

நாள் குறிக்கும்போது மேட்டூரையும் பார்க்க வேண்டும். வழக்கப்படி ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். அணையில் இருப்பைப் பொறுத்து மாறும். தண்ணீர் வந்தபின் முறை வைத்து விடும்போது, காலையில் காய்ந்து கிடந்த வாய்க்கால் மாலையில் இடுப்பளவு ஓடும். வாய்க்காலுக்குள் போட்ட தடம் அப்போது குறியோடு போகும், ஆளும் மாட்டுவார். மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் முந்தின நாளும் அன்றைக்கும் கேட்டுவிடுங்கள். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு வரும் சிறிது தூரத்துக்குள் குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று அடுத்தடுத்து ஆறுகள் வரும். பாலம் எங்கே என்று முதலில் குறித்துக்கொண்டு, அவற்றைக் கோத்துத்தான் தடத்தை வரைய முடியும். கோடையில் மணலில் இறங்கலாம். ஆனால் மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்று பகலில் நடந்து பார்க்காமல் ஒரு குறியும் போடக் கூடாது.

நடவுக்கு முன் அண்டை வெட்டி, சேறு பூசிய வரப்பு காயப் பல நாள் ஆகும். அதில் நாற்பது பேர் ஓடினால் அந்த விவசாயியின் கூலியை மிதித்ததாகும். நண்டு வளை இருக்கும் வரப்பும் உள்வாங்கும், கணுக்கால் பிசகும், தண்ணீரும் கசியும். சரி, அறுவடை முடிந்த வயல் காலிதானே என்று இறங்குகிறவர்கள் உண்டு. சம்பா அறுக்க ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்திருப்பார்கள். அறுத்த நெல்தாளுக்கு நடுவில் உட்கார்ந்து பாருங்கள், இரண்டு இலைவிட்ட முளை வரிசையில்லாமல் எங்கும் நிற்கும். எழுந்து நின்றால் அது கண்ணுக்குத் தெரியாது. பங்குனி, சித்திரையில் பயறு எடுத்த பிறகுதான் வயல் காலி, பருத்தி போட்ட இடங்களில் அதுவும் இல்லை. அந்த மாதங்களில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் ஆட்டுக்கிடை ஒருமுறை குறுக்கே போனால் அரைக் கிலோமீட்டர் குறி காணாமல் போகும். ஆகவே தடம் போட்ட முயல்களில் ஒருவர், கூட்டம் புறப்பட அரை மணி முன்பு, மீதி மாவோடு பைக்கில் சந்திப்புகளை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

சாயங்காலம் நாலரைக்குப் புறப்பட்டு ஆறுக்குள் முடிப்பது உத்தமம். இருட்டினால் வரப்பில் எலியைத் தேடி வரும் கண்ணாடிவிரியன் காலில் மிதிபடும். கடைசியாக ஓடி வருகிறவர் கையில் ஒரு தென்னை விளக்குமாறு கொடுத்துவிடுங்கள், வட்டங்களையும் பொய்த்தடக் கோடுகளையும் கூட்டிக் கலைத்துக்கொண்டே வரட்டும். மாவு இரண்டு கிலோ மீந்தால் ஓட்டம் முடிகிற தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் கொடுத்துவிடலாம். கோலமாவை வேண்டாம் என்று சொல்லும் வாசல் இந்தப் பக்கத்தில் கிடையாது.